கொல்லிமலைப் பாட்டியம்மையார்: எவலின் பிராண்டு அம்மையார் வரலாறு

அன்புடைமையைப் போற்றாத சமயம் உலகில் ஒன்றும் இல்லை. அதனைப் புகழ்ந்து பேசுதல் யாவர்க்கும் எளிது. பேசியவாறு ஒழுகுதல் சிலர்க்கே இயல்வது. அதனினும் அரியது ஒன்று உண்டு. கைம்மாறு வாராத காலத்தும், உடன்நின்ற துணைவர் மறைந்த காலத்தும், உடல் தளர்ந்து பிறர் போதும் என்று தடுத்த காலத்தும், தாம் அன்பு செலுத்திய மக்களை விட்டு நீங்காது அவர்களிடையே தங்கியிருத்தலே அது. அங்ஙனம் தங்கியிருந்த ஒருவரது வரலாற்றை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் நம் நாட்டிற் பிறந்தவர் அல்லர். ஆயினும் அவர் உடல் அடங்கிய மண், நம்முள் பலர் தம் வயல் வரப்பில் நின்று கிழக்கே நோக்கினாற் கண்ணிற்படும் கொல்லிமலையிலேயே உள்ளது.

கொல்லிமலையின் பெருமையைத் தமிழறிந்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. வன்பரணர் முதலிய சங்கப் புலவராற் பாடப்பெற்றது. கண்டாரை மயக்கி உயிர் கொள்ளும் கொல்லிப்பாவை அங்குண்டு என்று பழைய நூல்கள் கூறும். அறப்பளீசுரர் திருக்கோயிலும் ஆகாயகங்கை அருவியும் இன்றும் பல்லாயிரவரை அங்கு ஈர்க்கின்றன. இன்று எழுபது கொண்டையூசி வளைவுகள் கொண்ட பாதையில் பேருந்து ஏறிச் செல்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, சேந்தமங்கலம் முதலிய அடிவாரத்து ஊர்களிலிருந்து காலால் நடந்தோ டோலியிற் சுமக்கப்பெற்றோ ஏற வேண்டியிருந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து வாழ்ந்த மலையாளி என்னும் மலைக்குடியினர் அங்கிருந்தனர். கேரள நாட்டு மலையாளத்தார்க்கும் இவர்க்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தவர் என்பது இவர்களது வழக்குரை. சமவெளியினரோ மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி அங்கு இராத்தங்குதற்கும் தயங்கினர். கொல்லிப்பாவையின் கதையை நினைக்குந்தோறும், உயிர் கொண்டது பாவையோ கொசுவோ என்று நாம் எண்ணுவதுண்டு.

நிற்க. எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் என்னும் இயற்பெயருடைய இவ்வம்மையார் 1879 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், இலண்டன் மாநகரில், செல்வம் மிக்க வணிகர் இல்லத்திற் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். குறைவற்ற வாழ்வும், நல்லுடையும், கலைப்பயிற்சியும் அவருக்கு எளிதிற் கிடைத்தன. ஓவியக்கலை பயின்று, வண்ணத்திலும் ஒளியிலும் மிக்க ஈடுபாடு கொண்டிருந்தார். அந்நிலையில், இயேசு பெருமானைப் பின்பற்றுதல் என்பது ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்வதோடு முடிவதன்று. வறியவரிடத்தும் நோயுற்றவரிடத்தும் தாமே செல்வது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. முப்பது வயது கடந்த பின்னர், தாய்நாட்டையும் சுற்றத்தையும் விட்டுக் கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தார்.

அவருக்குச் சில ஆண்டு முன்னரே, ஜெஸ்ஸி பிராண்டு என்னும் இளைஞர் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சங்கத்தின் சார்பாக நம் பகுதிக்கு வந்திருந்தார். அவர் கட்டடத் தொழிலிற் பழகியவர். வெப்பநாட்டு நோய்களுக்குரிய மருத்துவத்தையும் சிறிது காலம் பயின்றவர். சேந்தமங்கலத்தில் இருந்து பணியாற்றியபோது, தலைக்குமேல் நீலமாய் நிற்கும் மலையையும், அங்கு மருந்தும் பள்ளியும் இன்றி வாழும் மக்களையும் அவரால் மறக்க இயலவில்லை. இவ்விருவரும் 1913 ஆம் ஆண்டில் மணம்புரிந்து மலையேறினர். மலைமேல் வாழவந்தி என்னும் ஊரில் குடியமர்ந்தனர். ஊரின் பெயர்ப் பொருத்தத்தை அன்பர்கள் நோக்குக. நிலத்தினின்று உயர்த்திய கால்களின்மேல் மரவீடு ஒன்றை ஜெஸ்ஸியார் அமைத்தார்; செல்லேறாதிருத்தற்பொருட்டு அக்கால்களின் தலையில் உலோகத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். அவ்வீடே மருத்துவமனையும் பள்ளியும் வழிபாட்டிடமும் ஆயிற்று.

அக்காலத்தில் மலைவாழ் மக்களை வருத்திய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிநீரிலுள்ள கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர் வழியே உடலினுட் புகும் இப்புழு, ஓராண்டளவில் இரண்டு மூன்று அடி நீளம் வளர்ந்து, காலிற் கொப்புளம் உண்டாக்கி வெளிப்படும். எரிச்சல் தாளாது நோயாளி காலை நீரில் நனைப்பான். அப்போது புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கும். அந்நீரை உண்பார்க்கும் அந்நோய் வரும். புழுவை ஒரே இழுப்பில் இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ்கொள்ளும். ஆதலின் சிறு குச்சியொன்றிற் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக, பலநாள் பொறுத்து வெளிக்கொணர வேண்டும். ஜெஸ்ஸியாரும் எவலின் அம்மையாரும் இதனை எத்துணையோ பேர்க்குச் செய்தனர். மக்கள் காலை நனைக்க இயலாதவாறு கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும்படியும் அறிவுறுத்தினர். பிறர் புண்ணருகே குனிந்து, அறுந்துவிடாது பொறுமையோடு சுற்றும் அச்செயலைவிட அன்பிற்கு ஏற்ற விளக்கம் வேறு உண்டோ என நாம் அறியோம்.

இத்தனையும் செய்தும் அவர்தம் சமயத்தை ஏற்றார் அம்மலையில் ஆண்டுகள் பல கழிந்தும் ஒருவரும் இலர். மருந்து வாங்கினர், நன்றி கூறினர், தத்தம் தெய்வத்தை வழிபட்டுச் சென்றனர். ஊர்ப் பூசாரியோ தம் நிலைக்கு இவர்களால் ஊறு வருமென அஞ்சி, இவர்களை அணுகாதவாறு மக்களைத் தடுத்து வந்தார். அவர் அஞ்சியதை நாம் குறைகூற மாட்டோம். பிற நாட்டார் ஒருவர் நம் ஊரிற் புகுந்து நம் வழிபாட்டை மாற்ற முயன்றால் நாமும் அங்ஙனமே செய்வோம். ஆயின் 1918, 1919 ஆம் ஆண்டுகளில் உலகமெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. அது கொல்லிமலையையும் விடவில்லை. பூசாரியும் அவர் மனைவியும் அதில் வீழ்ந்தனர். தொற்றுக்கு அஞ்சிய ஊரார் அவர் குடிலை எட்டிப் பார்க்கவும் துணிந்திலர். தம்மைப் பகைத்தவர் என்பதை எண்ணாது, பிராண்டு இணையரே அக்குடிலினுட் சென்று கஞ்சியும் மருந்தும் அளித்து உடனிருந்தனர். தம் முடிவை உணர்ந்த பூசாரி, தாயற்றும் தந்தையற்றும் நிற்கப்போகும் தம் பச்சிளங்குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்து உயிர்நீத்தார். நோயால் மெலிந்திருந்த அக்குழவியை அம்மையார் தம் மகவாகவே வளர்த்தார். அன்றுமுதல் மலைமக்கள் தம் பிள்ளைகளை நம்பி விடத் தொடங்கினர். சிலர் அச்சமயத்தையும் தழுவினர்.

மருத்துவம் சமயம் பரப்புதற்கு இட்ட தூண்டில் என்று கூறுவாரும் உளர். நம் சங்கத்தில் கிறிஸ்து சமயத்தாரும் உளர், பிற சமயத்தாரும் உளர். ஆதலின் இதனை நடுநின்று ஆராய்தல் முறை. அம்மையார் தம் சமயத்தை உரைக்கவே வந்தார். அதனை ஒருநாளும் மறைத்திலர். ஆயின் மருந்து பெற்றோர் பலர். சமயம் மாறினோர் அவருட் சிலரே. மாறாதவர்க்கு மருந்து மறுக்கப்பட்டதில்லை. மீன் அகப்படாதென ஆண்டு பல கண்டபின்னும் தூண்டிலோடு எவரும் கரையில் அமர்ந்திரார். அமர்ந்திருந்தாரெனின், அவர் வந்தது மீனுக்காக மட்டும் அன்று என்பது தெளிவு.

இவ்விணையர்க்கு பால் என்னும் மகனும், கோனி என்னும் மகளும் பிறந்தனர். மகன் 1914 ஆம் ஆண்டு உதகமண்டலத்திற் பிறந்து, கொல்லிமலையில் மலைச்சிறுவரோடு மரமேறி வளர்ந்தவர். அவர் சிறுவராயிருந்தபோது ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவ்வீட்டிற்கு வந்தனர். தந்தையார் கையுறை அணிந்து அவர்தம் கால்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். அம்மையார் கூடையிற் பழங்களை வைத்து அவர்க்கு அளித்தார். ஆயின் பிள்ளைகளை அருகே வரவிடவில்லை. அவர்கள் சென்றபின் கூடையை எரித்துவிட்டனர். தொழுநோய் எளிதில் தொற்றாது என்பதும் இன்று மருந்தால் முற்றும் தீரும் என்பதும் நாம் அறிவோம். அன்று எவரும் அறியார். அச்சம் இருந்தது, அச்சத்தோடேயே அன்பும் தன் கடமையைச் செய்தது. அச்சமற்றவர் செய்யும் உதவியினும் அஞ்சியவர் செய்யும் உதவி ஒருபடி உயர்ந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

1923 ஆம் ஆண்டில் பிள்ளைகள் இருவரையும் கல்வியின்பொருட்டு இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுப் பெற்றோர் மலைக்கு மீண்டனர். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பெற்ற பிள்ளைகளைப் பிரிந்து பிறர் பிள்ளைகளைப் பேணுதல் தகுமோ என்று நம் தாய்மார்கள் வினவுவர். அவ்வினா நியாயமானதே. அப்பிரிவின் விலையைக் கொடுத்தவர் அம்மையார் மட்டும் அல்லர், அச்சிறுவரும் கொடுத்தனர். 1929 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெஸ்ஸியார் கருநீர்ச் சுரத்தால் இறந்தார். அது மலைக்காய்ச்சல் முற்றிக் குருதியணுக்கள் சிதைந்து சிறுநீர் கருகி இறங்கும் கொடிய நோய். தந்தி மகனுக்கு விரைந்து சென்றது. கடல்வழி வந்த தந்தையின் கடிதங்களோ அதன்பின்னும் சில வாரம் வந்துகொண்டிருந்தன. இறந்த தந்தை மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பதினைந்து வயது நிரம்பாத மகனின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை அன்பர்களே உன்னுக.

அம்மையார் கணவரை வாழவந்தியில் அடக்கம் செய்தார். பின் இங்கிலாந்து சென்றபோது, துயராலும் நோயாலும் முதிர்ந்து கூனிய அவரைத் தம் அழகிய தாய் எனத் தேறுதல் மகனுக்கே அரிதாயிருந்தது. உறவினர் அனைவரும் இனி இங்கேயே இருத்தல் நலம் என்றனர். ஆயினும் அவர் மீண்டும் இந்தியா வந்தார். சங்கத்தார் அவரைச் சமவெளியிற் பணியமர்த்தினர். தனித்த விதவையை மலைக்கு அனுப்ப அவர்கள் உடன்படவில்லை. நிர்வாகம் செய்வார்க்கு அது முறையான முடிவே. பல்லாண்டுகள் அவர் சமவெளியிலே பணிபுரிந்தார். கண்ணோ நாள்தோறும் மலையையே நோக்கியது.

எழுபதை நெருங்கியபோது, சங்கம் அவர்க்கு ஓய்வு அளித்தது. அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டார். ஆயின் கப்பலேறித் தாய்நாடு செல்லாது, தம் பொறுப்பிலே மலையேறினார்! சங்கத்தின் ஊழியர் அல்லராதலின், சங்கத்தின் தடையும் இனி அவர்க்கு இல்லை. சிறு குடில் ஒன்றும் மட்டக்குதிரை ஒன்றும் அவர்தம் உடைமையாயின. கொல்லிமலையோடு அமையாது, கணவரும் தாமும் ஒருகாலத்து எண்ணியிருந்தவாறே பச்சைமலை, கல்வராயன்மலை முதலிய மலைகளுக்கும் சென்றார். ஊர் ஊராய்ச் சென்று மருந்தளித்தார், பல் பிடுங்கினார், எழுத்தறிவித்தார், கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணினார், தம் இறைவனைப் பற்றியும் உரைத்தார். மலைமக்கள் அவரைப் பாட்டியாகவே கொண்டனர்.

அவர் மகன் பால் இதற்கிடையே கட்டடத் தொழிலும், பின் மருத்துவமும் பயின்று, 1946 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை. உணர்ச்சியற்றமையால் சுட்டும் வெட்டும் புண்ணாகி அழிகின்றன என்று விளக்கியவருள் அவர் தலைசிறந்தவர். மடங்கி விறைத்த கைகளைத் தசைநாண் மாற்றும் அறுவையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப்புகழ் பெற்றார். சிறுவயதில் அருகே செல்லாதவாறு தடுக்கப்பட்ட அக்கைகளையே அவர் தம் வாழ்நாள் முழுதும் பற்றிக்கொண்டார். 1966 இல் அமெரிக்கா சென்று அப்பணியைத் தொடர்ந்த அவர் 2003 ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

அம்மையார்க்கு எழுபத்தைந்து வயதளவில் இடுப்பெலும்பு முறிந்தது. அவரைக் கட்டிலிற் கிடத்தி மலையிலிருந்து இறக்கினர். இனிச் சமவெளியில் மருத்துவர் அருகே இருக்கலாமே என்று மகன் எடுத்துக்கூறினார். தாம் வாராவிடின் அம்மக்களின் புண்ணை யார் கட்டுவர் என்றும், பயன்படாது காக்கப்படும் உடலால் ஆவது என்ன என்றும் அம்மையார் மறுத்துவிட்டார். மூங்கிற்கோல் இரண்டை ஊன்றியும், குதிரையேறியும், அதுவும் இயலாதபோது மக்கள் சுமந்து செல்லவும், மேலும் ஏறக்குறைய இருபதாண்டு மலைகளிலே உலவினார். பிடிவாதக்காரர் என்று அவரைச் சொல்லுதல் பொய்யாகாது. இளமையில் வண்ணமும் அழகும் பயின்ற அவர், இறுதி இருபதாண்டுகள் தம் குடிலில் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துக்கொள்ளவில்லை. தம் முகத்தைக் காண்பதற்கு அவர்க்கு நேரமில்லை. பிறர் முகத்தைக் காண்பதிலேயே நாள் கழிந்தது.

1974 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், 95 ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அவர் விரும்பியவாறே, எளிய பருத்தித் துணியிற் சுற்றி, வாழவந்தியில் கணவரின் கல்லறையருகே மண்ணில் வைத்தனர். கணவர் மறைந்து 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர்கள் குச்சியிற் சுற்றி எடுத்த நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவிலிருந்து முற்றும் ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 2000 ஆம் ஆண்டிற் சான்றளித்தது. அது அரசும் மருத்துவரும் ஊழியரும் பல்லாயிரவர் கூடிச் செய்த வெற்றி. எனினும் அப்பெருவேலையின் தொடக்கநாட் கூலியாட்களுள் இவ்விருவரையும் வைத்து எண்ணுதல் தகும்.

இனி, இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? நம் சங்கம் நம் இனத்து மாணாக்கர்க்குக் கல்வியுதவியும், வறிய இல்லங்களின் மணவினைக்குத் துணையும் செய்து வருகின்றது. அது நன்றே, தன் வீட்டு விளக்கை ஏற்றாதவன் தெருவிற்கு ஒளிதருதல் இயலாது. ஆயின் தலைமுறை தலைமுறையாய் அம்மலையின் நிழலில் வாழ்ந்த நம் முன்னோர், மலைச்சரக்கு வாங்கவும் கடன் கொடுக்கவும் திருவிழாக் காணவும் ஏறினரேயன்றி, புண் கட்ட ஏறினார் எத்துணைப்பேர்? பல்லாயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி வந்து செய்யும் வரையில் அவ்வேலை அங்கே கிடந்தது. அவர் சமயம் நமக்கு உடன்பாடாயினும் ஆகாதாயினும், இவ்வினாவினின்று நாம் தப்புதல் அரிது. நம் வகுப்பறையில் மலைப்பிள்ளை ஒருவன் வந்தமர்ந்தால், அவன் பேச்சைக் கேட்டு நகைக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்குந்தோறும் ஆசிரியராகிய நமக்கு இவ்வினா எழுகின்றது. அந்நகை அவர்கள் நம்மிடம் கற்றதேயன்றி வேறன்று.

ஓரி கூத்தர்க்கு நாட்டைக் கொடுத்தான்; தமிழ் அவனை மறவாது பாடிற்று. பிராண்டு அம்மையார் கொடுத்தற்கு நாடு இல்லாதவர். தம் நாள்களைக் கொடுத்தார். ஆடித்திங்களில் அறப்பளீசுரரை வழிபட மலையேறும் அன்பர்கள், வாழவந்தி வழியே செல்ல நேரின், அவ்விரு கல்லறைகளின் அருகே சிறிதுநேரம் நிற்பார்களாக. நின்றபின், அருகிலுள்ள குடிலொன்றில் நுழைந்து, அங்குள்ள முதியோரிடம் உடல்நலம் வினவி, அவர் தரும் நீரை வாங்கி உண்டு வருவார்களாக. அம்மையார்க்கு நாம் செய்யும் சிறப்பு அதுவேயாகும்.